இதயத் துடிப்புக் கோளாறு: எந்த மாத்திரை எந்த வேலையைச் செய்கிறது?

இதயத் துடிப்பில் கோளாறு என்று டாக்டர் சொல்லி அனுப்பினால், வீடு திரும்பும்போது கையில் இரண்டு மூன்று மாத்திரை அட்டைகளாவது இருக்கும். வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: ஹார்ட் மாத்திரை. ஆனால் அவற்றில் ஒன்று துடிப்பின் வேகத்தைக் குறைப்பது. இன்னொன்று, தாளம் தப்பிய துடிப்பைப் பழைய ஒழுங்குக்குக் கொண்டுவரப் பார்ப்பது. மூன்றாவது துடிப்பின் பக்கமே போகாது. இதயத்துக்குள் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்விடாமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் பலர், "படபடப்பு நின்னுடுச்சே, இனி எதுக்கு?" என்று எதை நிறுத்தவே கூடாதோ அதை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு மாத்திரையும் என்ன வேலைக்காக வந்திருக்கிறது என்பதை மையமாக வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் துடிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். வலது மேலறையின் உச்சியில், உடம்பின் மேல்பாதி ரத்தத்தைக் கொண்டுவரும் பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில், ஒரு சின்னத் திசுக்கூட்டம் இருக்கிறது. சைனஸ் கணு என்று பெயர். 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் இதைக் கண்டு எழுதினார்கள். யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் தானாகவே மின்துடிப்பை எழுப்பும் திசு இது. அந்த மின்சாரம் மேலறைகளில் பரவியதும் அவை சுருங்குகின்றன. கீழே இறங்க அதற்கு இருப்பது ஒரே வழி: மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏவி கணு. ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்த ஜப்பானியரான சுனாவோ தவாரா 1906-இல் விவரித்தது அது. அங்கே மின்சாரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதிக்கும். மேலறை சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ளி முடிக்க அந்த நேரம் வேண்டும். அப்புறம் மின்சாரம் கீழறைகளுக்குள் சடாரென்று பரவ, அவை ரத்தத்தை உடம்புக்குத் தள்ளுகின்றன. கையில் நாடியாகத் தட்டுவது இதுதான்.

ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. நன்றாக ஓடிப் பழகியவருக்கு 50 இருக்கலாம். ஆழ்ந்த தூக்கத்தில் அதற்கும் கீழே போகலாம். காய்ச்சல் வந்தால் ஏறும், பயந்தால் ஏறும், மாடிப்படி ஏறினாலும் ஏறும். எனவே எண்ணிக்கை கூடியதையோ குறைந்ததையோ மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. ஓய்விலிருக்கும் ஒருவருக்குக் காரணமே இல்லாமல் வேகம் ஏன் மாறியது, துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா, மின்சாரம் புறப்பட வேண்டிய இடத்திலிருந்துதான் புறப்பட்டதா, இவற்றைத்தான் டாக்டர் தேடுவார்.

இதில் பாதி வேலையை நீங்களே செய்யலாம். உள்ளங்கை மேலே பார்த்தபடி கையை வைத்து, கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டுக்குச் சற்று மேலே அடுத்த கையின் மூன்று விரல்களை மெதுவாக அழுத்துங்கள். முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். சிலருக்கு ஒழுங்காகத் தட்டிக்கொண்டே வந்து நடுவில் ஒன்று விட்டுப்போகும். பிறகு மறுபடி ஒழுங்குதான். சிலருக்கு வேகம் அதிகமாக இருந்தாலும் இடைவெளி துல்லியமாக ஒரே அளவில் இருக்கும். இன்னும் சிலருக்கு எந்த ஒழுங்குமே பிடிபடாது. இரண்டு தட்டு சேர்ந்தாற்போல் வரும், ஒரு நீண்ட இடைவெளி, ஒரு பலமான தட்டு, பிறகு விரலுக்கு எட்டியும் எட்டாமலும் மூன்று. அடுத்தது எப்போது வரும் என்று ஊகிக்கவே முடியாது. இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகளாக இருக்கலாம். டாக்டரிடம் போய் "படபடப்பா இருக்கு" என்று மட்டும் சொல்வதைவிட, மேஜையில் விரலால் அந்தத் தாளத்தைத் தட்டிக்காட்டுங்கள். அது அவருக்கு நிறையச் சொல்லும். சட்டென்று தொடங்கிச் சட்டென்று நின்றதா, மெல்ல ஏறி மெல்ல இறங்கியதா, தலைசுற்றல் இருந்ததா, மயக்கம் வந்ததா என்பதையும் சொல்லுங்கள்.

நடுவில் ஒன்று விட்டுப்போவதுதான் மிகச் சாதாரணம். "நெஞ்சு ஒரு நொடி நின்னு போச்சு", "உள்ளே ஏதோ புரண்ட மாதிரி இருக்கு" என்பார்கள். உண்மையில் இதயம் நிற்கவில்லை. வேறோர் இடத்திலிருந்து ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னதாகவே வந்துவிட்டது. எக்டோபிக் துடிப்பு என்பார்கள். அதன்பின் வரும் சிறு இடைவெளியில் இதயத்தில் வழக்கத்தைவிட அதிக ரத்தம் நிரம்புவதால் அடுத்த துடிப்பு ஓங்கி அடிக்கிறது. நாம் உணர்வது பெரும்பாலும் அதைத்தான். எக்கோ பரிசோதனையில் இதயம் நன்றாக இருப்பது தெரிந்து, எக்டோபிக் துடிப்புகளும் குறைவாகவே இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையே தேவையில்லை. தூக்கமின்மை, மது, அளவுக்கு மீறிய காபி, ரத்தசோகை, கூடுதலாகச் சுரக்கும் தைராய்டு, வாந்தி பேதியில் இறங்கிப்போன பொட்டாசியம் போன்ற காரணங்களைத் தேடிச் சரிசெய்தாலே பலருக்கு அடங்கிவிடும்.

"கொஞ்சம் தப்பித் துடிக்கிறது, ஒரு மாத்திரை கொடுத்து அடக்கிவிட்டால் என்ன?" என்று தோன்றலாம். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் எக்டோபிக் துடிப்பு அதிகம் உள்ளவர்கள் பின்னால் அதிகம் இறக்கிறார்கள் என்று தெரிந்திருந்தது. ஆகவே அதை அடக்கினால் உயிர் காப்பாற்றப்படும் என்ற நம்பிக்கையில் என்கெய்னைடு, ஃபிளெக்கெய்னைடு மாத்திரைகளைத் தாராளமாகக் கொடுத்தார்கள். ஈசிஜியில் பார்த்தால் எக்டோபிக் துடிப்புகள் நன்றாகவே குறைந்தன. பிறகு காஸ்ட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆய்வு வந்தது. 1991-இல் வெளியான அதன் கணக்கின்படி, அந்த மாத்திரைகளில் ஒன்றைச் சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். ஈசிஜியை அழகாக்கிய மருந்து ஆளைக் கொன்றிருந்தது. தழும்பு விழுந்த இதயத்தில் இந்த மருந்துகள் முன்பு இல்லாத, இன்னும் மோசமான தாளக் கோளாறுகளைக் கிளப்பிவிட்டன. துடிப்பு மருந்துகளைப் பற்றி வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்பது என் எண்ணம். தாளத்தை மாற்றும் எந்த மருந்துக்கும் தாளத்தைக் கெடுக்கும் சக்தியும் உண்டு. டாக்டர் உங்களுக்கு மாத்திரை எழுதாமல் அனுப்பினால், அதுவும் ஒரு வைத்திய முடிவுதான்.

அடுத்தது, வேகமாகவும் ஆனால் துல்லியமாகவும் ஓடும் துடிப்பு. நன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். குனிந்து எதையோ எடுப்பார்கள். சுவிட்சைப் போட்டதுபோல் 160, 180 என்று ஓட ஆரம்பித்துவிடும். அதேபோலச் சட்டென்று நிற்கும். எஸ்விடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இளம் பெண்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். பலருக்கு இது "டென்ஷன்" என்று பல வருடம் தள்ளிப்போடப்படுகிறது. டாக்டரிடம் போய்ச் சேரும்போது துடிப்பு சரியாகியிருக்கும், ஈசிஜியும் நன்றாக இருக்கும். அதுதான் சிக்கல். ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்திலுள்ள ஆஸ்பத்திரியில் ஒரு ஈசிஜி எடுத்து, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் பின்னால் பத்து பரிசோதனைகளுக்குச் சமம்.

இங்கே நடப்பது என்னவென்றால், ஏவி கணுவிலோ அதன் பக்கத்திலோ மின்சாரம் போக இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்றின் வழியாகக் கீழே போய், மற்றொன்றின் வழியாக மேலே வந்து, மின்சாரம் வட்டமடிக்க ஆரம்பித்துவிடுகிறது. ஏவி கணுவை ஒரு கணம் மயங்க வைத்தால் வட்டம் அறுந்துவிடும். அதற்கு மருந்தில்லாத வழியே உண்டு: மூச்சைப் பிடித்து முக்குவது. இங்கிலாந்தில் செய்து 2015-இல் வெளியான ரிவர்ட் ஆய்வில் இதைச் சற்று மாற்றிப் பார்த்தார்கள். சாய்ந்து உட்கார்ந்தபடி 15 நொடி ஊத வேண்டும். 10 மில்லி சிரிஞ்சின் வாயில் ஊதி அதன் தண்டு லேசாக நகர்ந்தால் அந்த அழுத்தம் போதும். முடித்தவுடன் மல்லாக்கப் படுக்க, இன்னொருவர் இரண்டு கால்களையும் 45 டிகிரி உயர்த்தி 15 நொடி பிடித்திருக்க வேண்டும். வெறுமனே முக்கியவர்களில் 17 சதவீதம் பேருக்கு நின்ற துடிப்பு, இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு நின்றது. காலைத் தூக்குவதற்குக் காசா பணமா? உங்களுக்கு எஸ்விடி என்று டாக்டர் உறுதி செய்திருந்தால், இதை அவரிடமே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

அதிலும் நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் அடினோசின் ஊசி. முழங்கை மடிப்பிலுள்ள பெரிய நரம்பில் ஒரே தள்ளாகத் தள்ளி, உடனே உப்புநீரையும் வேகமாகத் தள்ளுவார்கள். ஏனென்றால் அதன் ஆயுள் சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகளில் முகம் சிவக்கும், நெஞ்சு இறுகும், உயிரே போகிறது என்ற பயம் வரும். மானிட்டரில் கோடு கொஞ்ச நேரம் தட்டையாகவே ஓடும். பிறகு துடிப்பு தன் இயல்பான வேகத்தில் மறுபடி தொடங்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டு ஊசி போடும் டாக்டரும் நர்ஸும் நோயாளிக்குப் பெரிய உபகாரம் செய்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். அடிக்கடி வருகிறது என்றால் வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவதைவிட ஏபிலேஷன் நல்ல வழி. தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாகக் கம்பி செலுத்தி, கூடுதலாக இருக்கும் அந்தப் பாதையைச் சுட்டு மூடிவிடுவார்கள். பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இதிலேயே முழுதாகத் தீர்ந்துவிடுகிறது.

இப்போது எந்த ஒழுங்குக்கும் அகப்படாத துடிப்புக்கு வருவோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், டாக்டர்கள் ஏஎஃப் என்பார்கள். மாத்திரைக் குழப்பம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது, அதனால் இதில் கொஞ்சம் நின்று போகலாம்.

ஏஎஃப் வந்தால் சைனஸ் கணுவின் பேச்சை மேலறைகள் கேட்பதில்லை. நிமிடத்துக்கு 350-க்கு மேல், சில சமயம் 600 வரை, தாறுமாறான மின்துடிப்புகள் அங்கே ஓடுகின்றன. மேலறை சுருங்குவதில்லை, நடுங்குகிறது. அத்தனையும் கீழே இறங்கினால் ஆள் பிழைக்க முடியாது. கோயில் வாசலில் திருவிழாக் கூட்டம் எவ்வளவு முட்டினாலும் ஒருவர் நின்று ஆளாளாக உள்ளே விடுவதைப் போல, ஏவி கணு வடிகட்டி 100, 130, 150 என்று கீழே அனுப்புகிறது. வந்த ஒழுங்கில் இல்லாமல் கிடைத்த ஒழுங்கில் அனுப்புவதால்தான் நாடி அப்படித் தாறுமாறாக இருக்கிறது.

இதில் இரண்டு ஆபத்துகள். துடிப்பு வேகமாகவே ஓடிக்கொண்டிருந்தால் மாதக்கணக்கில் இதயத் தசை சோர்ந்து, மூச்சிரைப்பும் கால்வீக்கமும் வரும். இரண்டாவதுதான் பெரிது. நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்குகிறது. இடது மேலறையோடு ஒட்டி ஒரு சிறு பை போன்ற பகுதி உண்டு. அதன் மூலையில் ரத்தம் கட்டியாக உறைகிறது. அது என்றோ ஒருநாள் பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏஎஃப் உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு. இதற்குப் படபடப்பு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எந்தத் தொந்தரவும் தெரியாமலேயே ஏஎஃப் இருந்து, பக்கவாதம் வந்தபின் ஈசிஜியில் கண்டுபிடிக்கப்படுகிறவர்கள் எத்தனையோ பேர்.

ஆகவே முதல் வேலை, கட்டி உறையாமல் பார்ப்பது. யாருக்கு இது தேவை என்று தீர்மானிக்க டாக்டர்கள் ஒரு மதிப்பெண் பட்டியல் வைத்திருக்கிறார்கள். வயது 65 தாண்டினால் 1, 75 தாண்டினால் 2. முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, இதயச் செயலிழப்பு, ரத்தக்குழாய் அடைப்பு ஒவ்வொன்றுக்கும் 1. இரண்டு வந்துவிட்டால் பொதுவாக மாத்திரை உறுதி. நம் ஊரில் அறுபது தாண்டியவருக்குச் சர்க்கரையும் கொதிப்பும் சேர்ந்திருப்பது சர்வ சாதாரணம் என்பதால், ஏஎஃப் உள்ள பெரும்பாலானவர்கள் இந்தக் கணக்குக்குள் வந்துவிடுவார்கள். ஆஸ்பிரின் இதற்கு மாற்று கிடையாது. "ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுறேனே" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். 2011-இல் வந்த அவெரோஸ் ஆய்வில் ஆஸ்பிரினைவிட அபிக்சபான் பக்கவாதத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது. பெரிய ரத்தக்கசிவோ இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தது.

உறைவைத் தடுக்கும் மாத்திரைகளில் பழையவை வார்ஃபரினும் அசெனோகூமராலும். அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்ததிலிருந்து விஸ்கான்சினில் கண்டுபிடிக்கப்பட்ட வேதிப்பொருளின் வழியில் வந்தது வார்ஃபரின். முதலில் எலி மருந்தாக விற்று, 1954-இல் மனிதர்களுக்கு அனுமதியானது. இவை வைட்டமின் கே-யை எதிர்த்து வேலை செய்கின்றன. வைட்டமின் கே எதில் அதிகம்? கீரையில். உடனே "கீரையே தொடக் கூடாது" என்று வீட்டில் சட்டம் போட்டுவிடுவார்கள். அது தேவையில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த இரண்டு வாரம் ஒன்றுமே இல்லை என்று இருந்தால்தான் பிரச்சினை. வாரத்தில் இரண்டு நாள் கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கேற்ப டாக்டர் அளவை அமைத்துவிடுவார். அளவு சரியா என்பதை ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை சொல்லும். ஏஎஃப் நோயாளிக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவே இருக்க வேண்டும். குறைந்தால் கட்டி உறையும், கூடினால் ரத்தம் கசியும்.

புதியவை டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான். ஐஎன்ஆர் பார்க்க வேண்டாம், கீரைக் கணக்கு வேண்டாம். மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து வார்ஃபரினைவிடக் குறைவு. ஆனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது பார்த்து அளவை முடிவு செய்ய வேண்டும். ஒரு சின்ன விஷயம், பலருக்கும் சொல்லப்படாமல் போவது: ஏஎஃப்-க்குக் கொடுக்கும் ரிவரோக்சபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் அதில் ஒரு பங்கு உடம்பில் சேராமலே போய்விடும். டாபிகாட்ரான் காப்ஸ்யூலைப் பிரித்து நீரில் கலக்கக் கூடாது. முழுதாக விழுங்க வேண்டும்.

"புதுசு நல்லதுன்னா எல்லோருக்கும் அதையே கொடுக்கலாமே?" கொடுக்கக் கூடாத இரண்டு பேர் உண்டு. உலோக வால்வு பொருத்தியவர்கள் ஒருவர். மற்றவர், சின்ன வயதில் தொண்டைப்புண்ணிலிருந்து வந்த ருமாட்டிக் காய்ச்சலால், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவர். 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டு வளர்ந்தவர்களை நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். அவர்களில் பலர்தான் நடுத்தர வயதில் ஏஎஃப்-ஓடு வருகிறார்கள். இந்தியா உட்பட 24 நாடுகளில் சுமார் 4,500 ருமாட்டிக் நோயாளிகளிடம் ரிவரோக்சபானையும் பழைய வகை மாத்திரையையும் ஒப்பிட்ட இன்விக்டஸ் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. பழைய மாத்திரை எடுத்தவர்கள்தான் குறைவாக இறந்தார்கள். ஐஎன்ஆர் பார்க்க மாதாமாதம் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் அந்த அக்காவுக்கு யாரோ உறவினர் "ஏன் இன்னும் பழைய மாத்திரை?" என்று கேட்டால், அவருக்குச் சரியான மருந்து அதுதான் என்று பதில் சொல்லலாம்.

இரண்டாவது வேலை, வேகத்தைக் குறைப்பது. இந்த மாத்திரைகள் ஏஎஃப்-ஐப் போக்குவதில்லை. ஏவி கணுவை இறுக்கி, கீழே இறங்கும் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. மெட்டோபிரலால், பிசோபிரலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள்தான் முதல் தேர்வு. இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு முன்பைவிடத் துள்ளும், ஆகையால் ஊருக்குப் போகும்போது கூடுதலாக ஒரு அட்டை வைத்துக்கொள்வது நல்லது. வீசிங் உள்ளவர்கள் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் கைநடுக்கத்தையும் பீட்டா பிளாக்கர் மறைத்துவிடலாம். வியர்ப்பது மட்டும் மறையாது. காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். பீட்டா பிளாக்கர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெராபமில் அல்லது டில்டியாசெம். இதயத் தசை பலவீனமாக உள்ளவர்களுக்கு இவை கூடாது.

டிஜாக்சின் இவற்றில் மூத்தது. அது வந்த செடி வகையின் இலையைக் கொண்டு செய்த வைத்தியத்தை இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-இலேயே எழுதிவைத்தார். ஓய்வில் வேகத்தைக் குறைக்கும், நடந்தால் அவ்வளவாகக் குறைக்காது. பயன்படும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அதனால்தான் நம் டாக்டர்கள் பலர் வாரத்தில் ஐந்து நாள் சாப்பிட்டு இரண்டு நாள் விடச் சொல்கிறார்கள். அந்த இரண்டு நாளை மறக்காதீர்கள். பசியே இல்லை, குமட்டுகிறது, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். அரளிச் செடியில் இருப்பதும் இதே குடும்பத்து வேதிப்பொருள்தான். "இதயத்துக்கு நல்லது" என்று யார் சொன்னாலும் அது சேர்ந்த எதையும் வாயில் வைக்கக் கூடாது.

மூன்றாவது வேலை, தாளத்தையே திருப்பிக் கொண்டுவருவது. மின்அதிர்ச்சி கொடுத்துத் திருப்பலாம், ஏபிலேஷன் செய்யலாம், மாத்திரையிலும் முயலலாம். இதயத்தில் வேறு குறை இல்லாதவர்களுக்கு, முன்பு சொன்ன ஃபிளெக்கெய்னைடே இன்றும் பயனுள்ள மருந்து. ஆள் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் காஸ்ட் கற்றுக்கொடுத்தது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் அமியோடரோன்.

அமியோடரோன் அளவுக்கு வேலை செய்யும் தாள மருந்து வேறு இல்லை. அந்த அளவுக்குக் கண்காணிப்பு தேவைப்படுவதும் வேறு இல்லை. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். அதனால் தைராய்டு குறைவாகவும் சுரக்கலாம், அதிகமாகவும் சுரக்கலாம். கொழுப்பில் போய்த் தங்கிக்கொள்வதால், நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் உடம்பில் இருக்கும். கல்லீரலைத் தொடலாம், அரிதாக நுரையீரலில் தழும்பை உண்டாக்கலாம், வெயில் பட்ட தோலைக் கருநீலமாக்கலாம். தொடங்கும் முன்பு தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துவிட்டு, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். புதிதாக வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் சளி என்று விட்டுவிடக் கூடாது. வார்ஃபரினோடு சேர்ந்தால் ஐஎன்ஆரை ஏற்றிவிடும். டிஜாக்சினோடு சேர்ந்தால் அதன் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும். காய்ச்சலுக்கு எழுதும் அசித்ரோமைசின், கேஸ் மாத்திரையோடு சேர்ந்தே வரும் டோம்பெரிடோன் இரண்டும் இதோடு சேரும்போது ஆபத்தான துடிப்பைத் தூண்டலாம். மெடிக்கலில் எதை வாங்கினாலும் "அமியோடரோன் சாப்பிடுறேன்" என்று சொல்லி வாங்குங்கள். உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்; வயிற்றில் ரத்தம் கசிய அது போதும்.

கீழறையிலிருந்து கிளம்பும் வேகத் துடிப்பு வேறு சங்கதி. மாரடைப்பில் தழும்பான தசையிலிருந்து அது வரும். முற்றினால் கீழறையே நடுங்கி, ஆள் நொடிகளில் சாய்வார். அங்கே மாத்திரைக்கு நேரமில்லை. நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. பிழைத்தவர்களுக்கு, தானே அதிர்ச்சி கொடுக்கும் ஐசிடி கருவியை நெஞ்சில் பொருத்துவார்கள்.

துடிப்பு மெதுவாகிப்போவதற்கும் நீண்டகால மாத்திரை என்று நம்பத்தக்க எதுவும் கிடையாது. வேகம் குறைக்கும் மாத்திரைதான் காரணமா என்று முதலில் பார்ப்பார்கள், இல்லையென்றால் மின்சாரத்தால் துடிப்பை எழுப்பும் பேஸ்மேக்கர் கருவி. அதற்குப் பயப்படுகிறவர்களுக்கு ஆர்னே லார்சனைப் பற்றிச் சொல்வது என் வழக்கம். உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்ட முதல் மனிதர், 1958-இல், ஸ்வீடனில். முதல் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். அந்த அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரும் கருவியைச் செய்த பொறியாளரும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார்கள்.

இப்போது ஒரு மருந்துச் சீட்டைக் கையில் எடுப்போம். 68 வயது அம்மா, சர்க்கரை, கொதிப்பு இரண்டும் உண்டு, வால்வு நன்றாக இருக்கிறது, புதிதாக ஏஎஃப். சீட்டில் இப்படி இருக்கிறது: மெட்டோபிரலால் 50, 1-0-0. அமியோடரோன் 200, 1-0-0. அபிக்சபான் 5, 1-0-1. முதலாவது வேகத்துக்கு. இரண்டாவது தாளத்துக்கு. மூன்றாவது உறைவுக்கு. மூன்றும் அட்டைப் பெட்டியில் ஒரே மாதிரி இருந்தாலும், அபிக்சபான் மட்டும் இரவிலும் ஒருமுறை. இரவு மாத்திரையைத்தான் பலர் விடுகிறார்கள். விட்டுப்போனால் நினைவு வந்தவுடன் போட்டுக்கொண்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போட வேண்டும். இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது. பல் பிடுங்கப் போனால் பல் டாக்டரிடம் சீட்டைக் காட்ட வேண்டும். தானாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிடமும் காத்திராமல் 108. எந்த மாத்திரையைக் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதை ஆஸ்பத்திரியில் முதலிலேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே கொடுக்கும் சிகிச்சை அதைப் பொறுத்து மாறும்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மாவுக்குத் தாளம் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஈசிஜி அழகாக இருக்கிறது, நாடி ஒழுங்காக இருக்கிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. அமியோடரோனை நிறுத்தலாமா என்று டாக்டர் யோசிக்கலாம். மெட்டோபிரலாலைக் குறைக்கலாம். அபிக்சபான்? அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2002-இல் வெளியான அஃபர்ம் ஆய்வு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அதில் வேகத்தை மட்டும் குறைத்தவர்களும் தாளத்தைத் திருப்பியவர்களும் இருந்தார்கள். இரு தரப்பிலும் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர், உறைவு மாத்திரையை நிறுத்தியவர்கள் அல்லது ஐஎன்ஆர் போதாமல் இருந்தவர்கள். தாளம் திரும்பியவர்களுக்கும் ஏஎஃப் சத்தமில்லாமல் வந்து போய்க்கொண்டிருக்கலாம். அந்த அம்மாவின் மதிப்பெண் வயதுக்கு 1, சர்க்கரைக்கு 1, கொதிப்புக்கு 1, ஆக 3. ஈசிஜி சரியானதால் அந்த மூன்றில் ஒன்றும் குறையவில்லை. அவருடைய அபிக்சபான் தொடரும்.